காட்டு வழிகள் எவருக்குரியன?

ஆள் போனாற்றான் வழி. போவோர் அற்றால் அது காடு. வன்னி நிலத்தில் வாழ்ந்தோருக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாரி காலம் நடமாட்டம் அற்றுப்போன வழியில் முதலிற் புல் முளைக்கும். பின்னர் நாயுண்ணிப் பற்றை மூடும். அதன்பின் வீரையும் பாலையும் கன்று விடும். பல ஆண்டு கழித்து அவ்வழியைத் தேடி வருபவன் காண்பது காட்டையே. சில வேளைகளில் அக்காட்டின் ஓரத்தில் நாட்டப்பட்ட எல்லைக் கல்லையும் காண்பான். தன் பாட்டன் வண்டி கட்டிச் சென்ற வழி இது என்று அவன் சொன்னால், எங்கே எழுத்து என்று கேட்பார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் பொருட்டே வன்னியின் கிரவல் வழிகளைப் பற்றியும், அவற்றில் ஓடும் துவிச்சக்கரவண்டியைப் பற்றியும் இங்கு எழுதப் புகுகின்றோம். அரசியல் ஏட்டில் துவிச்சக்கரவண்டிக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். நிலத்தின் உரிமையைப் பற்றிப் பேசுவது அரசியலானால், அந்நிலத்திற்குச் செல்லும் வழியின் உரிமையைப் பற்றிப் பேசுவதும் அரசியலே. வழி இழந்தவன் வயலையும் இழப்பான் என்பதைக் கமக்காரர் நன்கறிவர்.

உலகம் தேடும் செம்மண் வழி

இன்று மேலை நாடுகளில் ஒரு புதுமை நடக்கின்றது. தார் வீதியில் விரைந்தோடுவதற்கென மெல்லிய சக்கரங்களோடு வண்டி செய்தவர்கள், இப்பொழுது தடித்த தயர் பூட்டிய வண்டிகளைச் செய்து, கல்லும் மண்ணும் கலந்த வழிகளில் ஓட்டுவதற்கு விற்கின்றனர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்னும் சிற்றூரைச் சூழ்ந்த குன்றுகளினூடே, 2006ஆம் ஆண்டு தொடக்கம் கிரவல் வழியில் நெடுந்தூரப் போட்டி நடந்து வருகின்றது. சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் இவ்வகை ஓட்டத்திற்கென முதலாவது உலக வாகையர் போட்டியை இத்தாலியில் நடத்தியது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக நின்றது இத்தாலி நாட்டின் தொஸ்கானா மலைப்பகுதி. அங்கே கியாந்தி குன்றுகளின் மீது வெள்ளைச் சரளை பரப்பிய பழைய வழிகள் பல இருந்தன. திராட்சைத் தோட்டக்காரரும் மாட்டுவண்டிக்காரரும் பயன்படுத்திய அவ்வழிகள் ஒவ்வொன்றாகத் தாரின்கீழ் மறைந்து கொண்டிருந்தன. 1997ஆம் ஆண்டில், கயோலே என்னும் ஊரில், ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் பழைய காலத்துத் துவிச்சக்கரவண்டிகளோடு ஓர் ஊர்வல ஓட்டத்தைத் தொடக்கினார். முதல் ஆண்டில் ஓடியவர்கள் 92 பேர் மட்டுமே. இன்று ஆயிரக்கணக்கானோர் அங்கு வருகின்றனர். 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழிக்கு நிரந்தரமான கைகாட்டிப் பலகைகள் நாட்டப்பட்டுள்ளன. இனி அவ்வழிகளை மூடவோ அழிக்கவோ எவரும் எளிதில் துணியார். புரோச்சி தொடக்கியது ஒரு விளையாட்டு. அதனாற் காக்கப்பட்டது ஒரு நாட்டுப்புறத்தின் வழி.

நம் கதை வேறு

இத்தாலியன் விரும்பி ஏறிய வண்டியில் வன்னியான் வேறு வழியின்றி ஏறினான். 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்ட காலத்தில், வன்னியின் போக்குவரத்து முழுவதையும் தாங்கியது துவிச்சக்கரவண்டியே. நெல் மூட்டை அதிலே போயிற்று. விறகு அதிலே வந்தது. நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் அதிலேயே வைத்தியசாலைக்குச் சென்றனர். மின்கலமும் தடைப்பட்ட அந்நாளில், வண்டியை நிறுத்தி வைத்து மிதித்து, அதன் டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நம் மக்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் வலிகாமம் பெயர்ந்தபோதும், 1996ஆம் ஆண்டில் கிளிநொச்சி நகரம் பெயர்ந்தபோதும், குடும்பத்தின் உடைமை அனைத்தும் அந்த இரண்டு சக்கரங்களின் மீதே ஏறியது. மல்லாவிக்கும் துணுக்காய்க்கும், அக்கராயனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் அவை ஓடின. ஏ 9 நெடுஞ்சாலை போர்க்களமாகிக் கிடந்த ஆண்டுகளில், ஊரையும் ஊரையும் இணைத்தவை கிரவல் வழிகளும் குளக்கட்டுகளும் வண்டிப் பாதைகளுமே. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் எரிந்தும் முறிந்தும் குவிந்து கிடந்த துவிச்சக்கரவண்டிகளின் படத்தை உலகமே கண்டது. அவ்வண்டிகள் வந்த வழி எது என்று எவரும் கேட்டிலர்.

போரோடு அக்காலம் முடிந்தது என்று எண்ணியவர்களுக்கு 2022ஆம் ஆண்டு மீண்டும் பாடம் புகட்டிற்று. அவ்வாண்டு யூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. கொழும்பில் வாழ்வோரும் துவிச்சக்கரவண்டி தேடி அலைந்தனர். அதன் விலை பன்மடங்கு ஏறிற்று. வன்னியான் அன்று புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

ஆதலின், கிரவல் வழியில் துவிச்சக்கரவண்டி ஓட்டும் கலையை நமக்கு வெளியார் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. நாம் வெளியாரிடம் கற்க வேண்டியது வேறொன்று: ஓடிய வழியை உரிமையாக்கும் கலை.

மலையும் காடும் அடைபடும் விதம்

வன்னி பெரும்பாலும் சமநிலம். எனினும் முற்றும் தட்டையான தரையன்று. அலை எழுந்து அடங்கியது போன்ற மேடு பள்ளங்களும், பள்ளந்தோறும் ஒரு குளமும், மேடுதோறும் முதிரையும் பாலையும் நிறைந்த காடும், இடையிடையே கருங்கற் குன்றுகளும் கொண்ட நிலம் அது. நெடுங்கேணிக்கு அப்பால், ஒலுமடுவைக் கடந்து காட்டினுள்ளே நிற்கும் வெடுக்குநாறிமலை அத்தகைய குன்றுகளில் ஒன்று. தண்ணிமுறிப்புக் குளத்தின் அயலில் நிற்கும் குருந்தூர்மலை மற்றொன்று. இவ்விரு மலைகளின் பெயரும் அண்மைக் காலத்தில் நீதிமன்றங்களில் ஒலித்ததை வாசகர் அறிவர்.

வெடுக்குநாறிமலை ஆதிலிங்கேஸ்வரர் கோவிலின் விக்கிரகங்கள் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அழிக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி சிவராத்திரி இரவில், அங்கே வழிபட்டோரைப் பொலிஸார் அகற்றினர். 8 பேர் கைதாகினர். அம்மாதம் 19ஆம் திகதி வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குருந்தூர்மலையிலோ, 2021ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வாய்வின் பின், நீதிமன்றக் கட்டளையையும் மீறிக் கட்டுமானம் நடந்ததாக வழக்கு எழுந்தது. அவ்வழக்கை விசாரித்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி, 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில், உயிரச்சுறுத்தலைக் காரணம் காட்டிப் பதவி துறந்தார்.

மலையுச்சியில் யார் வழிபடுவது என்பதைப் பற்றி நாடு முழுவதும் பேசுகின்றது. அம்மலைக்குச் செல்லும் காட்டு வழி எவருக்குரியது என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. உச்சியை அடைக்க விரும்புவோர் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை; அடிவாரத்து வழியில் ஒரு தடை போட்டாலே போதும்.

இதற்கு முன்னும் இது நடந்திருக்கின்றது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் மக்கள் தம் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். ஒரு தலைமுறைக் காலம் அவ்வூர்களுக்கு அவர்கள் திரும்ப முடியவில்லை. போர் முடிந்தபின் திரும்பியவர்களிற் பலர், தம் மானாவாரி வயல்களும் சிறு குளங்களும் மகாவலி எல் வலயத்தினுள் அடங்கியிருக்கக் கண்டனர். வயலுக்குச் சென்ற வழியை எவரும் அவர்களுக்குக் காட்டவில்லை. வழியும் வயலோடு போயிற்று. வேறு பல ஊர்களிலே, மக்கள் இடம்பெயர்ந்து வாழ்ந்த ஆண்டுகளிற் பற்றை மண்டிய குடிநிலங்கள், அவர்கள் மீண்டு வந்தபோது காடு என்று கணக்கிடப்பட்டிருந்தன. வானிலிருந்து பார்க்கும் செய்மதிக்கு மரம் தெரியும். அம்மரத்தின்கீழ் மறைந்துள்ள கிணற்றுக் கட்டும் வண்டித் தடமும் தெரியா.

சட்டம் சொல்வது என்ன?

கற்றறிந்தோர் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நெடுங்கால ஆட்சியால் உரிமை பெறுவதைக் கூறும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அயலவனின் காணிக்கூடாக 10 ஆண்டுகள் இடையறாது, அவனுடைய அனுமதியை வேண்டாது சென்றுவந்தவன், அவ்வழிக்கு உரிமை கோரலாம். ஆனால் அச்சட்டம் அரசுக்கு எதிராகச் செல்லாது. அரச காட்டினூடாக 100 ஆண்டுகள் வண்டி ஓடியிருப்பினும், அந்த ஓட்டம் ஒன்றே அச்சட்டத்தின்கீழ் உரிமையைத் தந்துவிடாது. வன்னியின் காடு பெரும்பாலும் அரச காடு. ஆகவே, நாம் காலங்காலமாகப் போகின்றோம் என்ற நம்பிக்கையோடு வாளாவிருப்பது பேதைமை.

பிரித்தானியர் இந்தச் சட்டத்தை இங்கே விட்டுச் சென்றனர்; தம் நாட்டிலோ வேறு விதமாக நடந்து கொண்டனர். இங்கிலாந்தில் 20 ஆண்டுகள் பொதுமக்கள் தடையின்றிச் சென்ற வழி பொதுவழியாகக் கொள்ளப்படும் என்று 1932ஆம் ஆண்டிற் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் சட்டம், ஒவ்வொரு மாவட்ட சபையும் தன் எல்லைக்குட்பட்ட நடைவழிகளையும் குதிரை வழிகளையும் அளந்து வரைபடத்திற் குறிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 1968ஆம் ஆண்டின் சட்டம், குதிரை செல்லும் நாட்டுப்புற வழிகளில் துவிச்சக்கரவண்டியும் செல்லலாம், நடப்போருக்கும் குதிரை மீது வருவோருக்கும் வழிவிட்டுச் செல்லுதல் வேண்டும், என்று கூறிற்று. வரைபடத்தில் ஏறிய வழியைப் பிரபுவும் மூட முடியாது. அரசாங்கமும் உரிய நடைமுறையின்றி மூட முடியாது. நம்மிடம் இல்லாதது அந்த வரைபடம்.

நம் நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கதிர்காம யாத்திரையை நோக்குக. செல்வச்சந்நிதியில் தொடங்கும் அந்நடைப்பயணம் முல்லைத்தீவுக் கரையினூடாகச் சென்று, திருகோணமலையையும் மட்டக்களப்பையும் கடந்து, உகந்தை முருகன் சந்நிதியை அடைகின்றது. அங்கிருந்து கதிர்காமம் வரை இருப்பது குமண, யால என்னும் வனவிலங்குப் புகலிடங்கள். யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் அக்காட்டினூடாக, ஆண்டுதோறும் யூன், யூலைக் காலத்தில், குறித்த நாட்களுக்கு அரசாங்கமே வழி திறந்து விடுகின்றது. ஆயிரக்கணக்கான அடியார்கள் நடந்து செல்கின்றனர். காட்டைக் காப்பதும் வழியைத் திறப்பதும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. அவ்வழி இன்றுவரை நிலைத்திருப்பதன் காரணம் ஒன்றே: அடியார்கள் அதைக் கைவிடவில்லை. இடையே போரால் தடைப்பட்டும், மீண்டும் நடந்தனர், நடந்ததனால் திறக்கப்பட்டது.

வனத் திணைக்களத்தின் பக்கம் நின்று

இனி, மறுதரப்பார் கூறுவதையும் நேர்மையாகக் கேட்போம். காட்டினுள் வழி இருந்தால் மரம் வெட்டுவோர் புகுவர். மணலும் கிரவலும் அள்ளுவோர் புகுவர். யானையின் நடமாட்டம் குலையும் என்று வனத் திணைக்களத்தாரும் வனசீவராசிகள் திணைக்களத்தாரும் கூறுகின்றனர். இது புறந்தள்ளத்தக்க வாதம் அன்று. வன்னியின் முதிரை மரம் இரவோடிரவாகக் களவு போவதும், ஆற்றுப்படுகைகளில் மணல் சூறையாடப்படுவதும் உண்மையே. காடு அழிந்தால் குளம் தூரும். குளம் தூர்ந்தால் வயல் காயும். காட்டைக் காப்பதில் திணைக்கள அதிகாரியிலும் கமக்காரனுக்கே கவலை அதிகம்.

ஆயின், களவு போகும் மரம் துவிச்சக்கரவண்டியில் போவதில்லை. அது உழவு இயந்திரத்திலும் டிப்பரிலும் போகின்றது. வழியை ஊராருக்கு அடைத்துவிட்டால் கள்வனுக்கு அது அடைபடாது. சாட்சி ஒழிந்தது என்று அவன் மகிழ்வான். நாள்தோறும் பகலில் பள்ளி மாணவரும் பால்காரரும் வயலுக்குப் போவோரும் ஓடித்திரியும் வழியிலே, புதிதாக ஒரு வண்டித் தடம் விலகிச் சென்றால் அன்றைக்கே ஊர் அறியும். எவரும் போகாத காட்டிலோ, அது ஓர் ஆண்டு கழித்தும் தெரியவராது.

யானைக்கும் ஓர் ஏற்பாடு செய்யலாம். அந்தி தொடங்கி விடியும் வரை காட்டு வழி யானைக்குரியது, பகல் நமக்குரியது. இது புதிய சட்டம் அன்று. பொழுதுபடுமுன் காட்டைக் கடந்துவிட வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்த நெறியே இது. இருள் நேரத்தில் வழியை மூடுவதற்கு ஊரார் உடன்படட்டும். பகலில் அதை மூடுவதில்லை என்று திணைக்களம் உடன்படட்டும்.

தார் வேண்டும் என்போருக்கு

கமக்காரர் பக்கத்திலிருந்தும் ஒரு கண்டனம் எழும். "நகரத்திலிருப்போர் பொழுதுபோக்காக வண்டி ஓட்டுவதற்காக எங்கள் வீதியைக் கிரவலாகவே வைத்திருக்கச் சொல்கின்றீரா? கோடையிற் புழுதி, மாரியிற் சேறு. இதுதான் எங்கள் தலைவிதியா?" இக்கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பாமல் விடை கூறுதல் வேண்டும்.

வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் பெரிய பாடசாலைக்கும் செல்லும் வீதி தார் அல்லது கொங்கிறீற்று இடப்படல் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சு இல்லை. நாம் கிரவலாக இருக்கட்டும் என்று சொல்வது வேறு வகை வழிகளை: காட்டினூடாக ஊரையும் ஊரையும் இணைக்கும் குறுக்கு வழிகள், குளக்கட்டு வழிகள், வாய்க்கால் ஓர வழிகள், கோவிற் காட்டு வழிகள். இவற்றைத் தாரிட்டால் டிப்பர் வரும்; டிப்பர் வந்தால் அந்தத் தாரும் இரண்டு மாரிக்கு நில்லாது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடத்தப்பட்ட பெரும் வீதிச் சோதனையிற் பொறியியலாளர் கண்ட முடிபு ஒன்றுண்டு: அச்சின் மீதுள்ள சுமை இரண்டு மடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். அக்கணக்கின்படி நோக்கினால், ஒரு துவிச்சக்கரவண்டி வீதிக்குச் செய்யும் சேதம் கணக்கிலும் அடங்காத சிறுமை உடையது. ஊர் வீதியை உடைப்பது ஊரவன் அல்லன். பாரம் ஏற்றி வெளியே செல்லும் பெருவண்டியே.

கிரவல் வழி என்பது கவனிப்பாரற்ற வழி என்று பொருள்படக் கூடாது. நன்கு போட்ட கிரவல் வழிக்கு ஓர் இலக்கணம் உண்டு. சரளையோடு போதிய களியும் கலந்திருத்தல் வேண்டும். களி குறைந்தால் கோடையில் உதிரும், மிகுந்தால் மாரியில் வழுக்கும். நடு உயர்ந்து இருபுறமும் சரிந்து, ஆமை முதுகு போல் அமைதல் வேண்டும். ஈரப்பதம் இருக்கும்போதே உருளையால் இறுக்குதல் வேண்டும். இருபுறமும் வடிகாலும், நீர் குறுக்கறுக்கும் இடந்தோறும் மதகும் வேண்டும். கிரவல் வழியின் பகை சக்கரம் அன்று. தேங்கி நிற்கும் நீரே. ஒக்டோபரிற் பெருமழை தொடங்கு முன்னர் வடிகாலைத் துப்புரவு செய்து, பெப்பிரவரியில் அறுவடைக்கு முன்போ பின்போ ஒருமுறை மட்டப்படுத்தினால், அவ்வழி ஆண்டு முழுவதும் நிற்கும். தாரிடும் செலவில் ஒரு சிறு பங்கே இதற்கு வேண்டும். வேலையும் ஊராருக்கே கிடைக்கும்.

பிரதேச சபைகள் செய்ய வேண்டியது

வீதிகளின் பொறுப்பு நம் நாட்டிற் பல கைகளிற் பிரிந்து கிடக்கின்றது. பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியன; அடுத்த நிலை வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு உரியன; ஊர் வீதிகள் பிரதேச சபைகளுக்கு உரியன; குளக்கட்டு வழிகள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ உரியன; காட்டினுள் உள்ளவை வனத் திணைக்களத்தின் கையில் உள்ளன. எல்லார்க்கும் உரியது ஒருவர்க்கும் உரியதன்று என்றவாறு, காட்டு வழிகள் எவருடைய பதிவேட்டிலும் ஏறாது நிற்கின்றன.

உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் முடிந்தபின், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தெரிந்த சபை எதுவும் இருக்கவில்லை. 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நடந்த தேர்தலின் பின்னரே கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா வடக்கு முதலிய சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் அமர்ந்தனர். அவர்களிடம் நாம் கேட்பது பெரும் பொருட்செலவுள்ள திட்டம் எதையும் அன்று. ஐந்து காரியங்களே.

முதலாவது, ஒவ்வொரு வட்டாரத்திலும் மக்கள் இன்று பயன்படுத்தும் வழியையும், இடப்பெயர்வுக்கு முன் பயன்படுத்திய வழியையும் ஊர் முதியோரின் வாய்மொழியோடு பதிவு செய்க. துவிச்சக்கரவண்டியும் கைத்தொலைபேசியும் உள்ள இளைஞர் இருவர், ஒரு நாளில் முப்பது நாற்பது கிலோமீற்றர் வழியை ஓடியே அளந்து வரைபடமாக்க முடியும். நில அளவையாளருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அவர் பின்னர் வந்து உறுதிப்படுத்தட்டும்.

இரண்டாவது, அவ்வாறு அளந்த வழிகளைச் சபையின் வீதிப் பதிவேட்டில் ஏற்றி, வர்த்தமானியில் வெளியிடுக. எழுத்து எங்கே என்று கேட்பவருக்கு அதுவே எழுத்து.

மூன்றாவது, வனத் திணைக்களம் எல்லைக் கல் நாட்டும் பொழுதெல்லாம் சபையின் பிரதிநிதியும் கிராம அலுவலரும் கமக்காரர் அமைப்பும் உடனிருந்து, வழி அடைபடாமற் பார்த்துக்கொள்க. 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானியை நினைவிற் கொள்க. வட மாகாணத்தில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோருவோர் 3 மாதங்களுள் முன்வர வேண்டும், அன்றேல் அது அரச காணியாகும் என்று அது கூறிற்று. எதிர்ப்பு எழுந்தமையாலேயே அது மீளப்பெறப்பட்டது. அடுத்த முறை எதிர்ப்போடு வரைபடமும் நம் கையில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, அவ்வழிகளிற் பாரவண்டி செல்லாதவாறு தடுப்புக் கம்பம் நாட்டி, துவிச்சக்கரவண்டியும் நடப்போரும் வயல் வேலைக்குரிய உழவு இயந்திரமும் மட்டும் செல்ல விடுக.

ஐந்தாவது, மிதிவெடி அகற்றப்பட்டு உறுதிசெய்யப்பட்ட வழிகளுக்கு மட்டுமே பலகை நாட்டுக. 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றும் பணியும் பெருமளவு முன்னேறியது. எனினும், வழியை விட்டு ஓர் அடியும் விலகாதே என்னும் எச்சரிக்கையைப் பிள்ளைகளுக்கும் வெளியூராருக்கும் பலகையில் எழுதியே வைத்தல் வேண்டும்.

விருந்தினர் வருக, வழி நம்முடையதாக இருக்க

இவற்றின் பின்னரே உல்லாசப் பயணத்தைப் பற்றிப் பேசுதல் முறை. மலைநாட்டிலே, தேயிலைத் தோட்டப் பாதைகளையும் காட்டு வழிகளையும் இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமுடைய பெக்கோ நடைவழி 22 பகுதிகளாக அமைக்கப்பட்டு, வெளிநாட்டாரைக் கவர்ந்து வருகின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கொழுந்துக் கூடையோடு மலையகத் தமிழ் மக்கள் ஏறி இறங்கித் தேய்த்த பாதைகள் அவை. அவ்வழியால் வரும் பொருள் அம்மக்களின் லயத்துக்கு எவ்வளவு செல்கின்றது என்று கேட்பது நம் கடமை. அதே கேள்வியை நாளை வன்னியிலும் கேட்க வேண்டி வரும்.

வன்னிக்கு வருவோருக்குக் காட்ட நம்மிடம் என்ன இல்லை? இரணைமடுவின் பரந்த அலைகரை உண்டு. முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் உண்டு. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் உண்டு. அயலிலே பண்டாரவன்னியனின் நினைவுக் கல் உண்டு. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் உண்டு. புளியங்குளம் புதூரில் நாகதம்பிரான் உண்டு. பாலைப்பழக் காலத்தில் காட்டு வழியில் வண்டி ஓட்டிச் செல்பவனுக்கு வேறு சிற்றுண்டி வேண்டா. தார் வீதியில் விரைந்து செல்லும் சொகுசு பஸ்ஸிலிருந்து இவற்றில் எதையும் அறிந்துகொள்ள இயலாது. மெல்ல ஓடும் துவிச்சக்கரவண்டியே இந்நிலத்துக்கு ஏற்ற ஊர்தி.

ஆனால் முறை மாறலாகாது. வழியின் உரிமை முதலில், விருந்து பின்னர். தங்குமிடமும் உணவும் வழிகாட்டலும் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களின் கையிலும் மாதர் சங்கங்களின் கையிலும் இருத்தல் வேண்டும். உரிமையைப் பதியாமல் விருந்தை அழைத்தால், வெளியார் நிறுவனம் ஒன்று காட்டோரத்திற் குத்தகை பெற்று வேலி அடைக்கும்; ஊரவன் தன் பாட்டன் போன வழியிற் சீட்டு வாங்கிப் போக நேரிடும்.

பெருமக்களே! சட்டம் அறிந்தோர் நீங்கள் ஒரு நாளேனும் வன்னிக்கு வந்து, பதிவேடு எழுதும் முறையைச் சபைகளுக்குக் கற்பியுங்கள். பொறியியலாளர் நீங்கள் ஒரு மாதிரிக் கிரவல் வழியையேனும் போட்டுக் காட்டுங்கள். ஆசிரியர் நீங்கள் மாணவரை விடுமுறையில் அழைத்துச் சென்று தம் ஊரின் வழிகளை வரைய வையுங்கள். கமக்காரரே! உங்கள் வயலுக்குச் செல்லும் வழியிற் பற்றை மண்ட விடாதீர்கள். வேறு வசதியான வழி வந்துவிட்டது என்பதனாற் பழைய வழியைக் கைவிடாதீர்கள். இந்தச் சோளகக் காற்றுக் காலம் முடிந்து மழை விழுவதற்குள், உங்கள் ஊரின் காட்டு வழி ஒவ்வொன்றிலும் ஒரு முறையேனும் துவிச்சக்கரவண்டியை உருட்டுங்கள். போன வழியின் பெயரையும், அது தொடங்கும் இடத்தையும், முடியும் இடத்தையும், போன நாளையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோய்ச் சபையின் மேசையில் வையுங்கள்.